த்ராட்டில் வாயை உரசினால் எத்தனை குதிரை கூடும்?

பழைய அமெரிக்க பிக்கப் டிரக்குகளில் ஆர்வம் கொண்ட வாசகர் ஒருவர், எஞ்சினுக்குள் போகும் காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் வாயான த்ராட்டில் பாடியைக் குடைந்து வழவழப்பாக்கினால் காற்றோட்டம் 20 விழுக்காடு கூடுவதாகச் சொல்கிறார்களே, எஞ்சினின் திறனும் அதே அளவு கூடுமா என்று கேட்டிருக்கிறார். கூடாது. ஆயினும் அந்த உரசல் வேலைக்குப் பின்னால் இருக்கும் இயற்பியல் மிக அழகானது. டீசல் லாரிகளில் திறனைக் கட்டுப்படுத்துவது எரிபொருளின் அளவே என்பதால், இந்தக் கேள்வி பெட்ரோல் எஞ்சின்களுக்கே உரியது.

ஜெனரல் மோட்டார்ஸ் 1987 முதல் தன் டிரக்குகளில் பொருத்திய எட்டு சிலிண்டர் கொண்ட 5.7 லிட்டர் வி8 எஞ்சினை எடுத்துக்கொள்வோம். அதன் த்ராட்டில் பாடி, ஏறக்குறைய 43 மில்லிமீட்டர் விட்டமுள்ள இரண்டு துளைகளைக் கொண்ட ஓர் அலுமினிய வார்ப்பு. ஒவ்வொரு துளையின் வாய்க்கு மேலும் பெட்ரோலைத் தூவும் ஓர் இன்ஜெக்டர் தொங்குகிறது. துளைக்குள்ளே ஒரு வட்டத் தகடு, குறுக்கே ஓடும் தண்டில் திருகாணியால் பிணைக்கப்பட்டுள்ளது. இந்த எஞ்சின் நிமிடத்துக்கு 4000 சுழற்சியில் சுமார் 210 குதிரைத்திறன் தந்தது.

துளையின் மேல்விளிம்பில்தான் சுவையான செய்தி இருக்கிறது. பக்கவாட்டிலிருந்து துளையை நோக்கி விரையும் காற்று, கூரிய விளிம்பைக் கடந்ததும் சட்டென்று 90 பாகை திரும்பிவிட முடியாது. தன் நிலைமத்தால் நடுவை நோக்கிச் சரிந்துகொண்டேயிருக்கும். அதனால் துளைக்குள் நுழைந்த பிறகும் காற்றின் தாரை ஒடுங்குகிறது. மெல்லிய தகரத் தொட்டியின் பக்கத்தில் வட்டமாக ஓட்டையிட்டு, பீறிடும் நீரை அருகிலிருந்து பாருங்கள். ஓட்டையை விட்டு வெளியே வந்த சிறிது தொலைவில் தாரை ஓட்டையைவிட மெலிந்திருக்கும். அதன் குறுக்குப் பரப்பு ஓட்டையின் பரப்பில் ஏறக்குறைய 62 விழுக்காடே. நியூட்டன் இதைக் கவனித்து, 1713-இல் வந்த தம் ‘பிரின்சிப்பியா’ நூலின் இரண்டாம் பதிப்பில் எழுதி வைத்தார்.

குழாய்க்குள் நடப்பது இன்னும் நுட்பமானது. ஒடுங்கிய தாரைக்கும் குழாய்ச் சுவருக்கும் இடையே ஒரு வளையப் பகுதி, பயனுள்ள ஓட்டம் எதுவுமின்றி வெறுமனே சுழன்றுகொண்டிருக்கிறது. தாரை ஒடுங்கும்போது ஆற்றல் பெரிதாக வீணாவதில்லை. ஒடுங்கிய தாரை மீண்டும் விரிந்து குழாயை நிரப்பும்போதுதான் அது சுழல்களாகச் சிதறி வெப்பமாகிறது. வாயோரத்தைத் துளையின் விட்டத்தில் ஆறில் ஒரு பங்கு ஆரத்துக்கு, அதாவது சுமார் 7 மில்லிமீட்டருக்கு, வளைத்துவிட்டால் காற்று சுவரை ஒட்டியே திரும்பிவிடுகிறது. சுழல் வளையம் உருவாகவே இடமில்லை. காற்றின் இயக்க ஆற்றலில் எத்தனை பங்கு நுழைவில் வீணாகிறது என்று காட்டும் நுழைவு இழப்புக் குணகம், கூர்விளிம்பில் 0.5 ஆக இருப்பது, 0.04 அளவுக்கு, ஏறக்குறைய பன்னிரண்டில் ஒரு பங்காக, இறங்கிவிடுகிறது. ஓர் அரமும் உப்புத்தாளும் கொண்டு இத்தனை பெரிய விகிதத்தைச் சாதிக்க முடிவது எனக்கு எப்போதும் வியப்பளிக்கிறது.

ஆனால் எதில் பன்னிரண்டில் ஒரு பங்கு என்று கேட்க வேண்டும். நான்கு வீச்சு எஞ்சின் இரண்டு சுழற்சிக்கு ஒருமுறைதான் தன் கொள்ளளவை உறிஞ்சுகிறது. 4000 சுழற்சியில், சிலிண்டர்கள் 80 விழுக்காடு நிரம்புவதாகக் கொண்டால், நொடிக்கு ஏறத்தாழ 150 லிட்டர் காற்று உள்ளே போகிறது. துளைகளில் அதன் சராசரி வேகம் நொடிக்கு 52 மீட்டர். இந்த வேகத்துக்குரிய இயக்க அழுத்தம், அதாவது ஓடும் காற்றின் இயக்க ஆற்றலை அழுத்தமாகச் சொன்னால் வருவது, 1.6 கிலோபாஸ்கல். நுழைவில் இழப்பது அதில் பாதி, அதாவது 0.8 கிலோபாஸ்கல், வளிமண்டல அழுத்தமோ 101. விளிம்பு முற்றிலும் கூரியது என்று கொண்டாலும் மீட்கக் கூடியது ஒரு விழுக்காட்டுக்கும் குறைவுதான். இழப்பு வேகத்தின் இருமடிக்கு ஏற்ப மாறுவதால், டிரக்குகள் பெரும்பாலும் ஓடும் 2000 சுழற்சியில் அது கால் பங்காகிவிடும். காற்றோட்டத்தை அளக்கும் பரிசோதனை மேடையில் காட்டப்படும் 20 விழுக்காடு பொய்யன்று. அழுத்த வேறுபாட்டை மாற்றாமல் வைத்து அளந்த எண் அது. மொத்த இழப்பே 3 கிலோபாஸ்கலாக இருக்கும் எஞ்சினில் அதே முன்னேற்றம் ஒரு கிலோபாஸ்கலைத்தான் மீட்டுத் தரும்; அது இரண்டு குதிரைத்திறன்.

குறுக்குத் தண்டை இருபுறமும் சீவி மெலிதாக்குவதும், இன்ஜெக்டர் தொகுதியை ஓர் இடைவளையத்தால் சற்று உயர்த்துவதும் இதே வகைச் சிறு ஆதாயங்கள். வட்டத் தகட்டின் ஓரத்தை மட்டும் தொடக் கூடாது. எஞ்சின் ஐட்லிங்கில் ஓடும்போது சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துத் தரும் மேனிஃபோல்டின் அழுத்தம் வெளியழுத்தத்தில் பாதிக்கும் கீழே இருப்பதால், தகட்டோர இடுக்கில் காற்று ஒலியின் வேகத்தை எட்டுகிறது. அந்நிலையில் ஓட்டத்தைத் தீர்மானிப்பது இடுக்கின் பரப்பு மட்டுமே. தகட்டை ஒரு மயிரிழை தேய்த்தாலும் ஐட்லிங் வேகம் ஏறும்.

கடைகளில் காற்றைச் சுழற்றிவிடும் விசிறித் தகடுகளும் விற்கப்படுகின்றன. சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைப்பது எஞ்சினுக்குக் கேடு செய்வதில்லை; இத்தகடோ காற்றுவழியையே அடைக்கிறது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, எரிபொருளை மிச்சப்படுத்துவதாகச் சொல்லப்பட்ட நூற்றுக்கும் மேற்பட்ட கருவிகளை ஆராய்ந்து, குறிப்பிடத்தக்க பலன் தருவதாக எதையும் காணவில்லை. விளம்பரங்களை இப்படி அளந்து பார்க்க மக்கள் வரிப்பணத்தில் ஒரு பகுதி செலவாவது மிக நியாயமான ஆராய்ச்சிச் செலவென்றே கருதுகிறேன்.

குடைந்த பிறகு வண்டி துள்ளுகிறது என்போர் பொய் சொல்வதில்லை. துளை அகலமானால், ஆக்சிலரேட்டரைச் சிறிது மிதித்தாலே கூடுதல் காற்று போகும். முழுதாக மிதித்தால் கிடைக்கும் திறன் பெரிதாக மாறியிருக்காது. உண்மை அறிய ஓர் அளவீடு போதும். இந்த எஞ்சினின் கணினி, மேனிஃபோல்டின் அழுத்தத்தை வைத்தே பெட்ரோலின் அளவைக் கணிக்கிறது. அந்த அழுத்த எண்ணை, கணினியோடு இணைக்கும் ஸ்கேனரில் படிக்கலாம். எஞ்சினை இயக்காமல் ஒருமுறையும், முழு மிதியில் 4000 சுழற்சியில் ஒருமுறையும் படித்து, இரண்டும் ஓரிரு கிலோபாஸ்கலே வேறுபட்டால் த்ராட்டில் பாடியை விட்டுவிடலாம். அப்படியானால் இந்த வி8-இல் அடுத்துப் பார்க்க வேண்டியது, சிலிண்டர்களை மேலே மூடும் சிலிண்டர் ஹெட்டை: குறைந்த வேகத்தில் கலவை நன்கு எரிய வேண்டுமென்று, காற்றைச் சுழலச் செய்யும் ஒரு தடுப்பை உள்வழியிலேயே சேர்த்து வார்த்திருக்கிறார்கள், உயர் சுழற்சியில் காற்றை மறிப்பது பெரும்பாலும் அதுதான்.