பாலைவனப் பாறை ஏன் சொட்டுகிறது?

லாஸ் வேகாஸில் வாடகை கார் எடுத்து, குடும்பத்தோடு யூட்டா மாநிலத்தின் பள்ளத்தாக்குப் பூங்காக்களைச் சுற்றக் கிளம்பினோம். முதல் நிறுத்தம் ஸயான், தமிழ் பைபிளில் சீயோன் என்று வருகிற அதே பெயர். இரண்டரை மணி நேரப் பயணம், வழியெல்லாம் காய்ந்த புதரும் செம்மண்ணும்தான். பூங்காவுக்குள் ஆற்றோரப் பாதையில் நடக்கும்போது செங்குத்தான பாறைச் சுவர் ஒன்று நனைந்திருந்தது. அதன் நடுவயிற்றிலிருந்து தண்ணீர் சொட்டியது, அங்கே மட்டும் பச்சைப் பசேலென்று பெரணிச் செடிகள் தொங்கின. "மழையே இல்லை, மேலே ஏரியும் இல்லை, பாறைக்குள்ள யார் தண்ணி ஊத்துறாங்க?" என்றாள் மகள். ஊற்று என்று சொன்னேன். அவளுக்கு அது போதவில்லை. நல்ல கேள்விதான், விரிவாகவே பார்க்கலாம்.

அங்கே ஆண்டுக்குச் சுமார் 400 மில்லிமீட்டர்தான் மழை. ஆவியாவது, மேகம், மழை எல்லாம் பள்ளியில் படித்ததுதான், அதை விட்டுவிடுவோம். மேட்டின் உச்சியில் பெய்யும் மழையும் பனியும் பாறைக்குள் இறங்குகின்றன. பாறை எப்படித் தண்ணீர் குடிக்கும் என்பதில்தான் சுவாரசியமே இருக்கிறது.

அந்தச் சுவரின் பெயர் நவாஹோ மணற்பாறை. ஸயானில் அதன் தடிமன் 600 மீட்டருக்கும் மேல். ஏறத்தாழ 18 கோடி ஆண்டுகளுக்கு முன், டைனோசர் காலத்தில், அது ஒரு மாபெரும் மணற்பாலைவனம். இன்றைய சகாராவில் நகர்வது போன்ற மணல்மேடுகள் ஒன்றின்மேல் ஒன்றாகப் புதைந்து கல்லாகியிருக்கின்றன. பாறையில் சாய்வாக ஓடும் கோடுகள் அந்த மேடுகளின் சரிவுகளேதான். காற்று கொண்டுவந்து கொட்டிய மணல் என்பது இங்கே முக்கியம். முறத்தில் அரிசி புடைக்கும்போது என்ன நடக்கிறது? உமியும் தூசியும் பறந்துவிடும், ஒரே எடையுள்ள மணிகள் தங்கும். காற்று அந்தப் பாலைவனம் முழுவதையும் லட்சக்கணக்கான ஆண்டுகள் அப்படிப் புடைத்தது. நுண்தூசி தொலைதூரம் போய்விட்டது, கனமான கூழாங்கல் வந்து சேரவே இல்லை, கிட்டத்தட்ட ஒரே அளவு மணல்துகள்கள் மட்டும் மிஞ்சின.

ஒரு படி நிறையக் கொண்டைக்கடலை கொட்டிப் பாருங்கள். நிறைந்தது போலத் தெரிந்தாலும் இடையிடையே சந்து இருக்கும், தண்ணீர் ஊற்றினால் உள்ளே போகும். அதிலேயே கடுகையும் மாவையும் கலந்தால் சந்தெல்லாம் அடைந்துவிடும். நவாஹோ வெறும் கொண்டைக்கடலைப் படி. துகள்களை ஒட்டவைத்திருக்கும் சுண்ணாம்பும் இரும்புத் துருவும் எல்லாச் சந்துகளையும் அடைக்கவில்லை.

அதன் அடியில் கயென்டா என்ற இன்னொரு அடுக்கு. அது ஆறுகள் படியவைத்தது, சேறும் களிமண்ணும் கலந்தது, அதாவது மாவு கலந்த படி. சந்துகள் மிக மிகச் சிறியவை, தண்ணீர் அதில் ஊர்வதற்குள் யுகம் ஆகிவிடும். ஆகவே மேலிருந்து இறங்கி வந்த நீர் அங்கே முட்டி நின்று பக்கவாட்டில் நகர்கிறது, பள்ளத்தாக்குச் சுவரில் வெளிவந்து சொட்டுகிறது. பெரணிகள் ஒரே மட்டத்தில் வரிசையாகத் தொங்குவதைக் கவனித்தால் இரண்டு அடுக்கும் சந்திக்கும் கோட்டை விரலால் தொட்டுக் காட்டிவிடலாம். அந்த ஈரச் சுவர்களில் குண்டூசித் தலை அளவு நத்தை ஒன்று இருக்கிறது, உலகில் வேறெங்கும் கிடையாது.

சரி, இறங்க எவ்வளவு நாளாகும்? அதைக் கணிக்க அணுகுண்டுகளே உதவுகின்றன. லாஸ் வேகாஸுக்கு வடமேற்கே 1951 முதல் அணுகுண்டு சோதனை நடந்தது. அடுத்த ஆண்டுகளில் பசிபிக்கிலும் சோவியத்திலும் வெடித்த ஹைட்ரஜன் குண்டுகள் டிரிடியம் என்ற கதிரியக்க ஹைட்ரஜனை வானில் ஏராளமாகக் கலந்தன, அப்போதைய மழையெல்லாம் அதைச் சுமந்தது. ஊற்று நீரில் டிரிடியம் அறவே இல்லையென்றால் அது அந்தச் சோதனைகளுக்கு முன் பெய்த மழை. இன்னும் பழைய நீரின் வயதைக் கரிமம்-14 என்ற கதிரியக்கக் கார்பன் சொல்லும். ஸயானில் சில ஊற்றுகளின் நீர் ஆயிரம் ஆண்டுக்கு மேல் பழையது! அந்த மழை பெய்தபோது பள்ளத்தாக்கில் பூர்வகுடிகள் மக்காச்சோளம் விளைத்துச் சேமித்துக்கொண்டிருந்தார்கள்.

அமெரிக்காவிலும் கவட்டைக் குச்சி பிடித்து நீரோட்டம் பார்ப்பவர்கள் உண்டு, நம்மூரில் தேங்காய் வைத்துப் பார்ப்பது போல. இப்படி நனைந்த மணற்பாறைக்கு மேலே எங்கே தோண்டினாலும் போதிய ஆழத்தில் தண்ணீர் வரும், பெயர் மட்டும் குச்சிக்குப் போகும். தமிழ்நாட்டின் பெரும்பகுதி கருங்கல், நீர் பெரும்பாலும் விரிசல்களில்தான் இருக்கும், அங்கே தேங்காயை நம்பிக் கடன் வாங்கி ஆழ்துளை போட்டு நொந்த விவசாயிகளைப் பார்த்திருக்கிறேன். எனக்கு இதில் கோபமே வருகிறது. கிணற்று மட்டத்தைப் பல பத்தாண்டுகள் விடாமல் அளக்கும் வேலைக்குப் பணம் தரவேண்டும், மூன்றாண்டுத் திட்டத்தில் நிலத்தடி நீர் பிடிபடாது.

அப்புறம் இன்னொன்று. கயென்டா மென்மையானது. ஆறும் கசிவும் அதை அரிக்க, மேலே இருக்கும் நவாஹோ பிடிமானம் இழந்து பலகை பலகையாகச் சரிகிறது. சுவர் செங்குத்தாக நிற்பதும் பள்ளத்தாக்கு அகலமாவதும் இதனால்தான். ஆற்றோடு மேலே போகப் போகப் படுகை உயர்கிறது, கயென்டா அடியில் மறைந்துவிடுகிறது. அரித்துச் சரிக்க மென்மையான அடுக்கு இல்லாததால் ஆறு நேராகக் கீழே மட்டும் அறுக்கிறது. பாதை முடிந்து ஆற்றிலேயே இறங்கி நடக்கவேண்டிய அந்த இடத்துக்கு நேரோஸ் என்று பெயர், சில இடங்களில் அகலம் பத்து மீட்டர்கூட இல்லை. மகள் முழங்கால் நீரில் நின்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "அப்போ அந்தச் சேத்துக் கல்லு இப்ப நம்ம காலுக்குக் கீழ இருக்கு" என்றாள்.