ஈட்டியை எடுக்கும் முன் ஏரியைப் பாருங்கள்

நவம்பர் பிறந்துவிட்டால் போதும், உறைந்த ஏரியில் ஈட்டியால் மீன் வேட்டையாடும் தெரிந்தவர்களிடமிருந்து அழைப்பு வரத் தொடங்கிவிடும். "இந்த வருஷம் ஈட்டிக்கு எந்த ஏரி நல்லது?" அமெரிக்காவின் மின்னசோட்டா மாநில ஏரிகளின் தண்ணீரைச் சோதிப்பது என் வேலை. கோடையில் படகில் போவேன், குளிர்காலத்தில் அதே ஏரியின் மேல் நடந்து போவேன். கேட்பவர்களுக்கு ஏரியின் பெயரை நான் சொல்வதில்லை. எதைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று மட்டும் சொல்கிறேன்.

இந்த வேட்டையைப் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஏரியின் ஐஸில் இரண்டடிக்கு மூன்றடி அளவில் ஓட்டை வெட்டி, அதன் மேல் ஜன்னலே இல்லாத சிறு குடிலை வைப்பார்கள். டார்க்ஹவுஸ் என்று பெயர். உள்ளே கும்மிருட்டு. வெளியே விழும் வெயில் ஐஸுக்குள் ஊடுருவி இறங்குவதால், காலடியில் தண்ணீர் மட்டும் பச்சையாக ஒளிரும். மரத்தில் செதுக்கிய பொய்மீனைக் கயிற்றில் கட்டி வட்டமாக நீந்த விட்டால், அதைப் பார்க்க நார்தர்ன் பைக் மீன் வரும். வந்தால் ஈட்டியை இறக்க வேண்டும். ஐரோப்பியர் இங்கே வருவதற்கு முன்பே, தலைமேல் போர்வையைப் போட்டு இருட்டாக்கிக்கொண்டு ஓஜிப்வே மக்கள் செய்துவந்த வேட்டை இது.

தூண்டிலில் மாட்டிய மீன் தவறான மீனாக இருந்தால் முள்ளைக் கழற்றித் திரும்ப விடலாம். ஈட்டியில் அதற்கு வழியில்லை. அதனால்தான் ஏரியைத் தேர்ந்தெடுப்பதில் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறேன். உங்களுக்குக் கீழே வருவது என்ன மீன், எத்தனை அங்குலம் என்று அடையாளம் தெரியாத தண்ணீரில் ஈட்டியோடு உட்காரவே கூடாது.

தெளிவை அளக்க எங்களிடம் இருப்பது மிக எளிய கருவி. கறுப்பும் வெள்ளையும் பூசிய 20 சென்டிமீட்டர் செக்கி தட்டு. கயிற்றில் கட்டி இறக்கி, எந்த ஆழத்தில் கண்ணுக்கு மறைகிறது என்று குறித்துக்கொள்வோம். மாநில இயற்கை வளத் துறையின் இணையதளத்தில் பல ஏரிகளுக்கு இந்த அளவும், வலை போட்டு எடுத்த மீன் கணக்கும் கிடைக்கும். ஆனால் கோடை அளவை அப்படியே நம்ப வேண்டாம். கலங்கலுக்குக் காரணம் என்ன என்று பாருங்கள். பாசியால் பச்சையாக இருக்கும் ஏரி, குளிரில் பாசி மடிந்து படிந்ததும் நன்றாகத் தெளியும். சதுப்பு நிலத்திலிருந்து வரும், டீ டிக்காக்ஷன் நிறத் தண்ணீர் தெளியாது. அந்தச் சாயம் கரைந்தே இருப்பது, ஜனவரியிலும் அப்படியேதான் இருக்கும். ஜூலையில் ஒரே அளவு காட்டிய இரண்டு ஏரிகள் குளிர்காலத்தில் முற்றிலும் வேறாக இருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

அப்படியொரு பழுப்பு நிற ஏரியில் நண்பர் ஒருவரோடு உட்கார்ந்திருந்தேன். ஏழடி ஆழம். பொய்மீனின் பின்னால் நீளமாக ஒரு நிழல் வந்து நின்றது. அவர் ஈட்டியின் முட்களைத் தண்ணீரில் மெல்ல நுழைத்துவிட்டார். என்னவோ தோன்றி, "கொஞ்சம் பொறுங்க" என்றேன். பொய்மீனை மேலே இழுக்க இழுக்க அந்த நிழலும் கூடவே எழுந்தது. நான்கடிக்கு வந்தபோதுதான் வால் தெரிந்தது, இரண்டு முனையும் கூராக. பைக்கின் வால் நுனி உருண்டிருக்கும், கருமையான உடலில் வெளிர் புள்ளிகள் இருக்கும். இது வெளிர் உடலில் கரும்பட்டைகள் கொண்ட மஸ்கி, பைக்கைப் போலவே இருக்கும் வேறொரு மீன். இங்கே அதை ஈட்டியால் எடுப்பது சட்டப்படி குற்றம். அவர் ஈட்டியைத் திரும்ப வைத்தபோது கை நடுங்கியது. அதற்கப்புறம் நாங்கள் அந்த ஏரிக்கு ஈட்டியோடு போகவில்லை.

மஸ்கிக்காகப் பேணப்படும் சில ஏரிகளில் ஈட்டிக்கே அனுமதி இல்லை. பைக் பிடிக்கும் விதிகளுக்காக 2018 முதல் மாநிலம் மூன்று மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. வடமத்திய மண்டலத்தில் சிறிய பைக்குகள் பெருகிக் கிடப்பதால் 10 வரை எடுக்கலாம், பெரியவற்றுக்குக் கடும் வரம்பு உண்டு. என்னைக் கேட்டால் அந்தச் சிறியவை நிறைந்த ஏரிதான் ஈட்டிக்கு ஏற்றது. பெரிய பைக்குகளை விட்டுவையுங்கள். அவை வளரப் பல ஆண்டுகள் பிடிக்கும், ஏரியின் சமநிலையே அவற்றை நம்பித்தான் இருக்கிறது.

சரி, மீன் எங்கே இருக்கும்? குளிர்காலத் தொடக்கத்தில், இன்னும் பச்சையாக நிற்கும் நீர்த்தாவரங்களின் ஓரத்தில். மேலே பனி கனமாக மூடினால் வெளிச்சம் போகாது, தாவரம் மடியும், மடிந்தது அழுகி ஆக்ஸிஜனைத் தின்னும். ஆழமற்ற ஏரிகளில் லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்குக் கீழே அளவு இறங்கினால் பல மீன்கள் திணறத் தொடங்கும். பைக் இன்னும் கொஞ்சம் தாங்கும். அப்போது ஓடை வந்து சேரும் இடத்தில் மீன்கள் குவியும். அங்கே ஈட்டிக்கு வேலை சுலபம்தான். ஆனால் ஓடும் தண்ணீர் ஐஸை அடியிலிருந்து அரிக்கும், ஏரியிலேயே மெலிந்த ஐஸ் அங்கேதான். காற்றூட்டும் கருவி ஓடும் ஏரிகளிலும் இதே கதை. எச்சரிக்கைப் பலகையைத் தாண்டி ஓர் அடிகூட வைக்காதீர்கள்.

நடப்பதற்குப் புதிய, கண்ணாடி போன்ற ஐஸ் குறைந்தது 4 அங்குலம் வேண்டும். வெண்மையாக இருந்தால் அதைப் போல இரு மடங்கு. கரையில் ஒரு முறை அளந்துவிட்டு நேரே நடக்காதீர்கள். கடப்பாரையால் குத்திக்கொண்டே போங்கள். தண்ணீரில் விழுந்தால் என்ன ஆகும் என்பதைக் கனடாவின் மனிடோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ட் 1-10-1 என்று சொல்லித்தருகிறார். திணறும் மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர ஒரு நிமிடம், கைகால் பயன்படும்படி இருப்பது 10 நிமிடம், நினைவு தப்ப ஒரு மணி நேரம். ஆகவே விழுந்தவர் முதலில் பதறாமல் மூச்சைச் சீராக்க வேண்டும், பிறகு அந்தப் பத்து நிமிடத்துக்குள் மேலேற வேண்டும். ஐஸைப் பற்றி ஏற இரண்டு கூர்முனைப் பிடிகளைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொள்ளுங்கள். குடிலுக்குள் ஹீட்டர் வைத்தால் காற்றுத் துளையை அடைக்காதீர்கள், கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

கிளம்பும்போது இன்னொரு வேலை மிச்சமிருக்கிறது. தூண்டில் ஓட்டையில் கால்தான் மாட்டும், ஈட்டி ஓட்டையில் ஆளே விழலாம். ராத்திரியில் அதன் மேல் மெல்லிய ஐஸ் படரும், அதற்கு மேல் பனி விழுந்தால் ஓட்டை இருந்த தடமே தெரியாது. வெட்டியெடுத்த ஐஸ் பாளங்களைச் சுற்றிலும் நிறுத்தி, தூரத்திலிருந்தே தெரிகிற மாதிரி மரக்கிளைகளை நட்டுவிட்டு வாருங்கள். மறுநாள் காலை அந்த வழியாகக் குழந்தைகள் பனிச்சறுக்கி வரக்கூடும்.