வண்டியைச் சுற்றாதீர்கள், நின்ற இடத்தில் திரும்புங்கள்

சுவரில் ஒட்டிய படத்தில் ஒரு காருக்கு ஐந்து சக்கரம் இருந்தது. ஏணியை விட்டு இறங்கி, நாலடி தள்ளி நின்று பார்த்த பிறகுதான் எனக்கே அது தெரிந்தது. அதற்குள் 12 அடி வினைலும் சுவரோடு சுவராகிவிட்டது. வீட்டுக்காரர் என்னைவிடப் பொறுமைசாலி. "ஸ்டெப்னியை வெளியில மாட்டியிருக்காங்க போல" என்று சொல்லிவிட்டு, எனக்குக் காபி கொண்டுவரச் சொன்னார்.

கானாடுகாத்தானில் ஒரு வீட்டின் மாடியறை அது. கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் படிக்கும் மகன், தான் விளையாடும் கார் ரேஸ் கேமிலிருந்து இருபது ஸ்கிரீன்ஷாட் எடுத்து, தானே கம்ப்யூட்டரில் ஒட்டுப்போட்டு, ஒரே நீளப் படமாகக் கொண்டுவந்து கொடுத்திருந்தான். என் மானிட்டரில் பார்த்தபோது அமர்க்களமாக இருந்தது. அவ்வளவு பெரிய படத்தைத் திரை அகலத்துக்குச் சுருக்கினால் எந்தப் படமும் அமர்க்களமாகத்தான் இருக்கும். நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கி, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை நகர்த்திப் பார்ப்பது என் வேலை. அன்றைக்கு முகூர்த்த நாள் பேனர் நெருக்கடி, பார்க்கவில்லை. இரண்டாவது பிரிண்டுக்கு நான் காசு வாங்காததற்கு அதுதான் காரணம்.

காரைக்குடியில் பத்தொன்பது வருடமாக டிஜிட்டல் பிரிண்ட் கடை வைத்திருக்கிறேன். அதற்கு முன்பு கல்யாண ஸ்டூடியோவில் உதவியாளர். எங்கள் பக்கம் பந்தயப் படம் என்றால் மாட்டுவண்டிப் பந்தயம்தான்: பெரிய மாடு, நடு மாடு, பூஞ்சிட்டு என்று பரிசு விவரத்தோடு போடும் ஃபிளெக்ஸ். கார்ப் படம் எப்போதாவதுதான் வரும். 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் அஜித் குமாரின் அணி தன் பிரிவில் மூன்றாமிடம் பிடித்தது அல்லவா, அதற்குப் பிறகு நிலைமை மாறிவிட்டது. பையன்கள் பென்டிரைவோடு வருகிறார்கள். "அண்ணே, சுவர் முழுக்க வரணும்" என்கிறார்கள். கார் கேம் ஸ்கிரீன்ஷாட்களை ஒட்டுப்போட்டுச் சுவர் அளவுப் படமாக்குவது எப்படி என்று அவர்களுக்குக் கடையில் நின்றபடி திரும்பத் திரும்பச் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கேமுக்குள் கேமரா என்பது புதிதல்ல. 2004 கடைசியில் ஜப்பானில் வந்த கிரான் டூரிஸ்மோ 4 விளையாட்டிலேயே ஃபோட்டோ மோட் இருந்தது. இன்று பெரும்பாலான கார் கேம்களில் ஆட்டத்தை நிறுத்தி வைத்துவிட்டு, கேமராவை இஷ்டத்துக்கு வைத்துப் படம் எடுக்கலாம். சிக்கல், எடுத்த படத்தின் அளவில்தான்.

சாதாரண ஃபுல் ஹெச்டி திரையின் ஸ்கிரீன்ஷாட் 1920-க்கு 1080 பிக்சல். அதை 12 அடி, அதாவது 144 அங்குல அகலத்துக்கு இழுத்தால் ஒரு அங்குலத்துக்கு 13 பிக்சல்தான் கிடைக்கும். 4கே திரையாக இருந்தாலும் 3840 பிக்சல், அங்குலத்துக்கு 27 தான் தேறும். நல்ல கண் பார்வை உள்ளவர் ஒரு மீட்டர் தள்ளி நின்றால், அங்குலத்துக்கு ஏறக்குறைய 87 புள்ளி வரை பிரித்துப் பார்ப்பார். மூன்று மீட்டர் தள்ளி நின்றால் 29 போதும். ரோட்டோர ஹோர்டிங் குறைந்த ரெசல்யூஷனிலும் தப்பிப்பது இதனால்தான். படுக்கையறைச் சுவர் அப்படி இல்லை. கட்டிலுக்கும் சுவருக்கும் இடையில் மூன்றடிகூட இருக்காது. ஆகவே நான் கேட்பது அங்குலத்துக்கு 100. 12-க்கு 4 அடிச் சுவர் என்றால் 14,400-க்கு 4,800 பிக்சல். இத்தனை பிக்சல் ஒரே ஸ்கிரீன்ஷாட்டில் கிடைக்காது, அதனால்தான் ஒட்டுப்போட வேண்டியிருக்கிறது.

பல பேர் இங்கேயே ஒரு தப்பு செய்கிறார்கள். ஜூம் பண்ணாமல், கேம் தரும் அகலமான பார்வையிலேயே நாலைந்து படம் எடுத்து இணைக்கிறார்கள். படம் நீளமாகும், நுணுக்கம் கூடாது. 4கே திரையில் 90 டிகிரி காட்டும் கேமராவால் 120 டிகிரிக் காட்சியை எடுத்து இணைத்தால், மொத்த அகலம் சுமார் 4,000 பிக்சல்தான் வரும். அதே இடத்தில் நின்று, ஜூம் செய்து, பார்வைக் கோணத்தை 30 டிகிரிக்குக் குறுக்கி எடுத்தால் அதே காட்சி 15,000 பிக்சல் வருகிறது. ஒவ்வொரு படமும் பக்கத்துப் படத்தோடு மூன்றில் ஒரு பங்கு மேற்படிய வேண்டும். அப்படியென்றால் ஒரு வரிசைக்கு ஆறு, மேலிருந்து கீழே மூன்று வரிசை, ஆக மொத்தம் 18 படம். இரண்டு மூன்று கூடுதலாக எடுத்து வையுங்கள், தப்பில்லை. விட்டுப்போன ஒரு படத்துக்காக மறுபடியும் போய் அதே வெளிச்சத்தையும் அதே வளைவையும் பிடிப்பது லேசில்லை.

சரி, ஐந்தாவது சக்கரத்துக்கு வருவோம்.

நிறைய கேம்களில் ஃபோட்டோ மோடுக்குள் போனதும் கேமரா காரையே நடுவாக வைத்துச் சுற்றும். கன்ட்ரோலரின் குச்சியைத் தள்ளினால் காரைப் பிரதட்சிணம் வருகிற மாதிரி நகரும். பார்க்க அழகுதான். ஆனால் கேமரா இடம் மாறிக்கொண்டே இருக்கிறது. இடம் மாறினால் கிட்டே இருக்கும் பொருள் ஒரு மாதிரியும், தூரத்து மலை வேறு மாதிரியும் நகரும். ரயில் ஜன்னலில் தந்திக் கம்பம் பறக்க, பின்னால் பனைமரம் மெதுவாக வருமே, அதே கதை. முதல் படத்தில் முன்சக்கரத்துக்குப் பின்னால் தெரிந்த வேலி, அடுத்த படத்தில் வேறு இடத்துக்குப் போயிருக்கும். படங்களை இணைக்கும் மென்பொருள் மலையைப் பொருத்தினால் சக்கரம் இரண்டாகும், சக்கரத்தைப் பொருத்தினால் மலை உடையும். எந்த மென்பொருளும் இதற்கு முழு வைத்தியம் செய்ய முடியாது. நம் பையன் கொண்டுவந்த இருபது படமும் இப்படிச் சுற்றிச் சுற்றி எடுத்தவை.

செய்ய வேண்டியது இதுதான்: கேமராவை ஓரிடத்தில் நிறுத்துங்கள். அங்கிருந்து நகராமல், தலையை மட்டும் திருப்புவது போல இடம் வலம், மேல் கீழ் திருப்புங்கள். உங்கள் கேமில் அதற்குத் தனி பட்டன் இருக்கிறதா, அல்லது கேமராவைத் தனியாகப் பறக்கவிடும் வசதி இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால், காரைச் சுற்றாத வேறு கேமரா ஏதாவது அந்த கேமில் இருக்கிறதா என்று பாருங்கள். உண்மையான கேமராவில் இதைச் செய்ய நாங்கள் பெரிய பாடு படுவோம். ட்ரைபாட் ஸ்குரூ இருக்கும் இடமும் லென்ஸுக்குள் ஒளி குறுக்கிடும் இடமும் வேறு வேறு என்பதால், அதற்கென்றே ஒரு தனி ஹெட் வாங்கி மில்லிமீட்டர் கணக்கில் தள்ளிவைக்க வேண்டும். கேம் கேமராவுக்கு உடம்பே கிடையாது. அது ஒரு புள்ளி. திருப்பினால் சுத்தமாக அந்தப் புள்ளியிலேயே திரும்பும். இப்படி ஒரு வசதி கிடைத்தும் காரைச் சுற்றி ஓடுகிறார்களே என்று எனக்குக் கொஞ்சம் வயிற்றெரிச்சல் உண்டு.

அடுத்தது, கேம் தானாகச் சேர்க்கும் மேக்கப். ஓரங்களை இருட்டாக்குவது, லென்ஸ் ஒளிச்சிதறல், நிறப் பிசிறு, பின்புற மங்கல், வேக மங்கல், படக் குருணை எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். ஒற்றைப் படத்துக்கு இவை அழகு. பதினெட்டுப் படத்தைச் சேர்க்கும்போது ஒவ்வொன்றின் மூலையும் இருட்டாக இருந்தால் வானம் கட்டம் போட்ட லுங்கி ஆகிவிடும். தானியங்கி வெளிச்சமும் அப்படித்தான். சூரியன் பக்கம் திரும்பினால் படம் இருளும், மரத்தடிப் பக்கம் திரும்பினால் வெளுக்கும். அதைப் பூட்டிவைக்க வழி இருந்தால் பூட்டுங்கள். வெளிச்சத்தையும் இருட்டையும் கூடுதலாக விரித்துக் காட்டும் ஹெச்டிஆர் போட்டிருந்தால் அதையும் அணைத்துவிட்டு எடுங்கள்.

மூலையில் வரும் லோகோ, வேகமானி, வரைபடம் எல்லாம் மறைய வேண்டும். இதற்குத் தனிக் காரணம் உண்டு. ஒட்டுப்போடும் மென்பொருள் இரண்டு படங்களிலும் ஒரே மாதிரி இருக்கும் புள்ளிகளைத் தேடித்தான் வேலை செய்கிறது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மேத்யூ பிரவுனும் டேவிட் லோவும் இந்த வழியைத்தான் ஆட்டோஸ்டிச் என்ற மென்பொருளாக ஆக்கினார்கள். லோகோ எல்லாப் படத்திலும் அச்சு அசலாக அதே இடத்தில் நிற்கிறதல்லவா, மென்பொருள் "ஆகா, இது பொருந்துகிறது" என்று நம்பி ஒரு படத்தின்மேல் இன்னொன்றை அடுக்கிவிடும்.

சில விஷயங்கள் நீங்கள் எல்லாவற்றையும் சரியாகச் செய்தாலும் கைகொடுக்காது. ஆட்டம் நின்றிருந்தாலும் மேகம், புகை, கொடி, கூட்டம் அசைந்துகொண்டே இருக்கும் கேம்கள் உண்டு. மழை பெய்த ரோட்டில் தெரியும் பிரதிபலிப்பு இன்னும் மோசம். திரையில் அந்த நேரம் தெரிவதை வைத்து மட்டுமே பிரதிபலிப்பைக் கணக்குப் போடும் முறை பல கேம்களில் இருக்கிறது. கேமரா திரும்பி, மேலே இருந்த விளக்கு திரையை விட்டு வெளியே போனதும் ரோட்டில் அதன் பிம்பமும் மறைந்துவிடும். இணைத்த படத்தில் பிம்பம் பாதியில் அறுந்து நிற்கும். என் யோசனை, பெரிய படத்துக்கு ஈர ரோட்டை விட்டுவிட்டு வெயில் நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். கேட்க மாட்டார்கள் என்று தெரியும், மழைதானே அழகு.

இணைக்க ஹியூகின் என்ற இலவச மென்பொருளே போதும். ஃபோட்டோஷாப்பிலும் அந்த வசதி இருக்கிறது. 2016-இல் என்விடியா நிறுவனம் அன்செல் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. ஆதரவு இருந்த கேம்களில் துண்டு துண்டாகப் படம் எடுத்துத் தானே இணைத்தும் கொடுத்தது. உங்களுக்கு அப்படி ஒன்று அமைந்தால் பாதி வேலை மிச்சம்.

இணைக்கும்போது படத்தை எப்படி விரிப்பது என்று மென்பொருள் கேட்கும். தட்டையாக விரித்தால் நேர்க்கோடுகள் நேராக இருக்கும், ஆனால் 120 டிகிரிக் காட்சியில் ஓரத்துக் கார் ரப்பராக இழுபட்டு, டயர் கோழிமுட்டை ஆகிவிடும். உருளைபோல விரித்தால் டயர் வட்டமாக இருக்கும், ரோட்டோரத் தடுப்பு வில்லாக வளையும். நான் உருளையைத்தான் எடுப்பேன். வளைந்த ரோட்டைக் கண் மன்னிக்கும், முட்டை டயரை மன்னிக்காது. அடிவானத்தையும் நேராக்க மறக்காதீர்கள். ஆத்தங்குடிக் கல் பதிக்கும் கொத்தனாரைக் கவனித்திருக்கிறீர்களா? முதல் கல்லில் நூல் பிடிக்காமல் விட்டால் அந்த வரிசையில் ஒன்றும் தெரியாது. அறையின் அந்தக் கோடியில் பூ பாதியாக வெட்டுப்படும். இங்கும் ஒவ்வொரு ஒட்டிலும் மயிரிழை பிசகு சேர்ந்துகொண்டே போய், கடைசியில் வானம் வாழைப்பழம்போல் தொங்கும்.

கடைக்கு அனுப்பும்போது வாட்ஸ்ஆப்பில் படமாக அனுப்பாதீர்கள். அது சுருக்கிவிடும். டாக்குமென்டாக அனுப்புங்கள், இல்லாவிட்டால் பென்டிரைவில் கொண்டுவாருங்கள். இணைத்ததோடு, இணைக்காத தனிப் படங்களையும் தாருங்கள். ஏஐ வைத்துப் பெரிதாக்கிய படத்தைச் சொல்லாமல் தராதீர்கள். காரின் ஸ்பான்சர் எழுத்தையெல்லாம் அது தன் இஷ்டத்துக்கு எழுதிவைத்துவிடுகிறது. நிறத்தைப் பற்றி ஒரே வரி: திரையில் எரியும் நீலமும் நியான் பச்சையும் மையில் அப்படி வராது, முதலில் ஒரு அடித் துண்டு பிரிண்ட் எடுத்துச் சுவரில் வைத்துப் பாருங்கள்.

எங்கள் ஊருக்கென்று ஒரு எச்சரிக்கை. பழைய செட்டிநாட்டு வீட்டின் சுண்ணாம்புக் காரைச் சுவரில் வினைல் ஒட்ட நான் சம்மதிப்பதில்லை, எவ்வளவு காசு கொடுத்தாலும். அந்தப் பூச்சு மூச்சு விடும். பிளாஸ்டிக்கைப் போட்டு மூடினால் ஈரம் உள்ளேயே தங்கும். பிறகு உரிக்கும்போது, முட்டை வெள்ளைக்கருவெல்லாம் சேர்த்து இழைத்த அந்த வழவழப்பும் கூடவே உரிந்துவரும். அதைத் திரும்பப் பூச இன்று ஆள் தேட வேண்டும். சன்போர்டு என்கிற லேசான பிளாஸ்டிக் பலகையில் ஒட்டியோ, கேன்வாஸில் பிரிண்ட் செய்து சட்டம் அடித்தோ மாட்டுங்கள். கானாடுகாத்தான் மாடியறை பிற்பாடு எழுப்பிய சிமென்ட் சுவர், அதனால் பிழைத்தோம்.

இன்னொன்று, படம் நீங்கள் எடுத்தது என்றாலும் கேமுக்குள் இருக்கும் காரும் ரோடும் நீங்கள் செய்தவை அல்ல. உங்கள் அறையில் மாட்டிக்கொள்வதில் யாரும் சண்டைக்கு வரப்போவதில்லை. அதையே இருபது பிரதி போட்டு விற்பது, கார் சர்வீஸ் கடைக்குப் போர்டாக வைப்பது என்றால் உரிமையாளரிடம் அனுமதி வேண்டும். மைக்ரோசாஃப்ட் போன்ற நிறுவனங்கள் தங்கள் கேம் காட்சிகளை லாபநோக்கில்லாமல் பயன்படுத்துவதற்கென்று விதிகளை வெளியிட்டிருக்கின்றன. விற்பனைக்கு என்று வருகிறவர்களிடம் அனுமதிக் கடிதம் கேட்கிறேன். பாதிப் பேர் அதோடு போய்விடுகிறார்கள், போகட்டும்.

அந்தப் பையன் தீபாவளி விடுமுறைக்கு வந்தபோது மறுபடியும் எடுத்தான். 21 படம், ஒவ்வொன்றுக்கும் வரிசை எண் போட்ட பெயர். நூறு சதவீதத்தில் ஓரம் ஓரமாக நகர்த்தி, நானும் அவனும் சேர்ந்து முக்கால் மணி நேரம் பார்த்தோம். ஒரு தடுப்புக் கம்பியில் மட்டும் மெல்லிய முறிவு இருந்தது, கையால் சரிசெய்தேன். நாலு சக்கரத்தோடு கார் இப்போது சுவரில் இருக்கிறது.

அதற்குப் பிறகு அவனுக்கு வேறு ஆசை வந்துவிட்டது. "அண்ணே, அப்பத்தா வீட்டு வளவையும் இதே மாதிரி எடுக்கலாமா?" என்று கேட்டான். வளவு என்றால் செட்டிநாட்டு வீட்டில் முற்றத்தைச் சுற்றியுள்ள தூண் வரிசைப் பகுதி. எடுக்கலாம், ஆனால் அங்கே தூண்கள் கையெட்டும் தூரத்தில் நிற்கின்றன, போனை நீட்டிப் பிடித்துக்கொண்டு உடம்போடு திரும்பினால் தப்பிக்க முடியாது என்று சொல்லியிருந்தேன். போன வாரம் 32 படம் அனுப்பினான். மூன்றாவது தூண் இரண்டாகத் தெரிகிறது. ட்ரைபாடை நானே கொண்டுவருகிறேன், ஞாயிற்றுக்கிழமை காலை முற்றத்தில் வெயில் இறங்குவதற்குள் எடுத்துவிடலாம் என்று பதில் போட்டிருக்கிறேன்.