விறகுக் கணக்கை எந்தத் துறை ஆராயும்?

ஒரு கிலோ தண்ணீரை 100 டிகிரியில் ஆவியாக்க ஏறத்தாழ 2,257 கிலோஜூல் வெப்பம் வேண்டும். ஆயிரம் லிட்டருக்குப் பார்த்தால் 600 யூனிட் மின்சாரத்துக்கும் மேல். சாயக்கழிவு நீர் சுத்திகரிப்பில் வேலை பார்க்கும் எங்களுக்கு இந்தக் கணக்கு மனப்பாடம். கழிவு நீரைக் கொதிக்க வைத்து ஆவியாக்கும் எவாபரேட்டரின் ஒரு கட்டத்தில் எழும் நீராவியை அடுத்த கட்டத்தைச் சூடாக்கப் பயன்படுத்தி இதைப் பல மடங்கு குறைக்கிறோம். அப்படியும் பாய்லருக்கு விறகு லாரி லாரியாக வந்துகொண்டேதான் இருக்கிறது.

நொய்யல் ஆற்றில் சாயக்கழிவு கலந்ததால், விதிமுறைப்படி நடக்காத திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. சரியான உத்தரவு. பாசனத்துக்காக 1992-ல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயத் தண்ணீர் தேங்கும் குட்டையாகிப் போனதையும், கீழே இருந்த விவசாயிகள் நிலத்தையும் கிணற்றையும் இழந்ததையும் மறக்க முடியாது. ஒரு சொட்டுக் கழிவும் வெளியே போகக் கூடாது என்ற விதிக்குப் பிறகு ஆற்றின் பாரம் குறைந்தது. ஆனால் அதன் ஒரு பகுதி பாய்லர் மேல் ஏறியது.

காரணம் உப்பு. பருத்தித் துணியில் சாயம் பிடிக்க, சாயத் தொட்டியில் லிட்டருக்குப் பல பத்து கிராம் உப்பு போடுகிறார்கள். நுண்ணுயிர்த் தொட்டியால் அதை எடுக்க முடியாது. ஆர்.ஓ. நல்ல தண்ணீரைப் பிரித்துத் தந்துவிடும்; உப்பு செறிந்து மிச்சமிருக்கும் நீர், அதாவது ரிஜெக்ட், எவாபரேட்டருக்குப் போகிறது. சோடியம் சல்பேட்டை மீட்டுப் பட்டறைக்கே திருப்பித் தரலாம். கடைசியில் நிற்கும் கலப்பு உப்பை வாங்க ஆளில்லை. ஷெட்டில் மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது.

புராஜெக்ட்டுக்காகக் கல்லூரி மாணவர்கள் எங்களிடம் வருகிறார்கள். சுற்றுச்சூழல் பொறியியல் மாணவி சாம்பிள் எடுத்து கழிவின் அழுக்களவையும் (சி.ஓ.டி.) அதில் கரைந்துள்ள உப்பு முதலானவற்றின் அளவையும் (டி.டி.எஸ்.) பார்க்கிறார். மெக்கானிக்கல் மாணவர் பாய்லரின் திறனை அளக்கிறார். டெக்ஸ்டைல் மாணவர் குறைந்த உப்பில் சாயமேற்றிப் பார்க்கிறார். மூன்றும் நல்ல வேலைதான். ஆனால் சாயத் தொட்டியில் உப்பைக் குறைத்தால் பாய்லரில் எத்தனை டன் விறகு மிச்சமாகும் என்ற கணக்கு மூவர் ஆய்வேட்டிலும் இல்லை. மாணவர்களைக் குறை சொல்லவே மாட்டேன். வழிகாட்டி ஒரு துறை, ஆய்வகப் பணம் அதே துறை, தேர்வாளரும் அதே துறை, ஆசிரியரின் பதவி உயர்வும் அந்தத் துறைக் கட்டுரைகளை வைத்து. அவர்கள் வேறெப்படி யோசிப்பார்கள்?

அமெரிக்காவின் எம்.ஐ.டி. 2006-லேயே ஆற்றலுக்கென்று பல துறைகளைச் சேர்த்து ஓர் அமைப்பைத் தொடங்கியது. ஸ்டான்ஃபோர்டு 2022-ல் 110 கோடி டாலர் நன்கொடையோடு புவியியல், ஆற்றல், சுற்றுச்சூழல் எல்லாவற்றையும் ஒரே கல்விப் புலத்துக்குள் கொண்டுவந்தது. எண்ணெய் நிறுவனங்களிடம் பணம் வாங்குவதா என்று அங்கே மாணவர்களே எதிர்த்தார்கள். அது நியாயமான கேள்வி. நம் நாட்டிலும் 2010-ல் மும்பை ஐஐடியில் தேசியச் சூரியமின் ஆய்வு மையம் அமைந்தது. அவர்கள் ஊர் ஊராகப் போய், வருஷக்கணக்கில் வெயிலில் நிற்கும் பேனல்களை அளந்தார்கள். என்னை ஈர்ப்பது அந்த வேலைதான்.

நாட்டின் மொத்த உற்பத்தியில் ஆராய்ச்சிக்கு நாம் 2020-21-ல் செலவிட்டது 0.64 சதவீதம். இருக்கும் கொஞ்சப் பணத்தை எதில் போடுகிறோம் என்பது அதனாலேயே முக்கியம். கருத்தரங்குக் கூடம் கட்டப் பணம் கிடைக்கிறது. சோதனைக்கான சிறிய நிலையமான ஒரு பைலட் பிளான்ட்டை ஐந்து வருஷம் ஓட்ட ஓர் ஆபரேட்டருக்குச் சம்பளம் கேட்டால் கிடைப்பதில்லை. ஆளில்லாத பிளான்ட் ஆறே மாதத்தில் துருப்பிடித்துவிடும்.

இதோ ஒரு கேள்வி. பல்லடம், உடுமலை பக்கம் காற்றாலைகள் வரிசையாக நிற்கின்றன. பனியன் கம்பெனிகள் பலவற்றுக்குச் சொந்தக் காற்றாலை உண்டு. நீராவியை அமுக்கி அதையே மறுபடி வெப்பமாகப் பயன்படுத்தும் கம்ப்ரஸர் வகை எவாபரேட்டர் மின்சாரத்தில் ஓடுகிறது. அப்படியானால் ரிஜெக்ட்டைத் தொட்டியில் தேக்கி வைத்து, மே முதல் செப்டம்பர் வரை காற்று பலமாக வீசும் நேரத்தில் மட்டும் ஆவியாக்கினால் என்ன? நிறுத்தி நிறுத்தி ஓட்டினால் குழாயில் சிலிக்கா, கால்சியம் படிவு கூடுமா? கூடுதல் தொட்டியின் செலவை மிச்சமாகும் விறகு ஈடுகட்டுமா? எலக்ட்ரிக்கல், கெமிக்கல், வானிலை, பொருளாதாரம் நான்கும் ஒரே மேஜையில் உட்காராமல் இதற்குப் பதில் வராது. அந்த மேஜைக்குத்தான் பல்கலைக்கழகம் பணம் போட வேண்டும்: இரண்டு துறைக்குப் பொதுவான ஆசிரியர் பணியிடம், இரண்டு வழிகாட்டிகள், நிரந்தர ஆபரேட்டர்.

எங்கள் பக்கமும் கடமை இருக்கிறது. நீராவி மீட்டர், ரிஜெக்ட் அளவு, விறகு எடை மூன்றையும் மணிவாரியாக எழுதி வைக்கும் நிலையங்கள் அந்தப் பதிவேட்டை மாணவர்களுக்குத் தயங்காமல் தரலாம். ரிஜெக்ட் லைனில் ஒரு வால்வு வைத்து, பைலட் பிளான்ட்டுக்கு நிஜக் கழிவு நீரையே கொடுக்கலாம். ஆய்வகத்தில் உப்பைக் கரைத்துச் செய்யும் செயற்கைக் கழிவு நீரில் சாயமும் இருக்காது, சிலிக்காவும் இருக்காது. அதில் கிடைத்த முடிவை வைத்து யாரும் கோடிக்கணக்கில் எவாபரேட்டர் வாங்க மாட்டார்கள்.