மகளிர் உரிமைத் தொகை: அட்டைக்கு யார் குடும்பத் தலைவி?

மாதம் 1,000 ரூபாய் தரும் கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம் 2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. பின்னணி அவ்வளவு போதும். பெண்களை அலையவிடுவது 'குடும்பத் தலைவி' என்ற சொல். வீட்டை யார் சுமக்கிறார் என்று எந்த அலுவலகமும் பார்ப்பதில்லை. ரேஷன் அட்டையில் என்ன இருக்கிறதோ அதுதான் கணக்கு.

"அட்டை கணவர் பெயரில் இருக்கிறது, தலைவர் பெயரை மாற்றிக்கொண்டு வாங்க" என்று யார் சொன்னாலும் நம்பி அலையாதீர்கள். ஆண் தலைவராக இருந்தால் அவர் மனைவிதான் குடும்பத் தலைவி, விதியே அப்படித்தான். மனைவி பெயர் அட்டையில் இல்லையென்றால் அதிலுள்ள வேறொரு பெண்ணைத் தலைவியாகக் கொள்ளலாம். கைம்பெண்கள், மணமாகாமல் தனித்து வாழும் பெண்கள், திருநங்கைகள் தலைமையிலான குடும்பங்களுக்கும் உரிமை உண்டு. மாமியார், மருமகள் என 21 வயது நிரம்பிய இருவர் இருந்தால், யார் விண்ணப்பிப்பது என்று முடிவு செய்ய வேண்டியது குடும்பம். ரேஷன் கடை அல்ல. ஓர் அட்டைக்கு ஒருவர்தான்.

மாமியார் முதியோர் ஓய்வூதியம் வாங்கினால் மருமகளுக்குக் கிடையாது என்று இன்னும் திருப்பி அனுப்புகிறார்கள். 2023 ஆகஸ்டிலேயே அது தளர்த்தப்பட்டுவிட்டது. தகுதியுள்ள மருமகள் விண்ணப்பிக்கலாம்.

பலர் மாட்டிக்கொள்வது மகன் விஷயத்தில். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடுபவர்கள்தான் ஒரு குடும்பம். இங்கே அப்படியில்லை. மகன் வெளியூரில் தனியாகச் சமைத்துச் சாப்பிட்டாலும், அட்டையில் பெயர் இருக்கும்வரை அவர் சம்பளமும் வருமான வரியும் காரும் அம்மாவின் விண்ணப்பத்தில் வந்து நிற்கும். குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சத்தைத் தாண்டக்கூடாது. உண்மையிலேயே தனிக்குடித்தனம் என்றால், விண்ணப்பிக்கும் முன்பே அவர் பெயரை நீக்கிவிடுங்கள்.

மருமகள் பெயர் பிறந்த வீட்டு அட்டையிலேயே கிடந்தால், முதலில் அங்கே நீக்கம், பிறகு இங்கே சேர்க்கை. ஒரே ஆதார் எண் இரண்டு அட்டைகளில் ஏறாது. இணையத்தில் பதிந்ததும் வரும் குறிப்பு எண்ணை எழுதி வையுங்கள். அது இல்லாமல் வட்ட வழங்கல் அலுவலகத்தில் பேச்சே எடுபடாது.

மின்சாரத்துக்கு ஆண்டு வரம்பு 3,600 யூனிட். ஒரே ஒரு ரசீதை வைத்து முடிவு செய்யாதீர்கள், இரண்டு மாதத்துக்கு ஒன்றாக ஆண்டுக்கு வரும் ஆறு ரசீதையும் கூட்டுங்கள். அண்ணன் தம்பி இரு குடும்பமும் ஒரே மீட்டரில் இருந்தால் வரம்பு சட்டென்று தாண்டிவிடும். நன்செய் என்றால் 5 ஏக்கர், புன்செய் என்றால் 10 ஏக்கர் வரைதான்.

தள்ளுபடி என்று குறுஞ்செய்தி வந்தால் அன்றே நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். 30 நாளுக்குள் இ-சேவை மையத்தில் மேல்முறையீடு செய்ய வேண்டும். முடிவெடுப்பவர் வருவாய் கோட்டாட்சியர். "மறுபடி பார்க்கவும்" என்று மொட்டையாக எழுதிக் கொடுக்காதீர்கள். சொல்லப்பட்ட காரணத்துக்கு நேரான ஆவணத்தை வையுங்கள். மின்சாரம் என்றால் ஆறு ரசீது. விற்றுவிட்ட கார் என்றால் விற்ற தாள் மட்டும் போதாது, ஆர்.சி. புத்தகம் இன்னும் உங்கள் வீட்டார் பெயரில் இருந்தால் கணினியில் அந்தக் கார் உங்களுடையதுதான். முதலில் பெயர் மாற்றத்தை முடியுங்கள்.