நேர்காணலில் முதல் பதில் ஏன் கனமானது?

மன்னார்குடியிலிருந்தும் திருவாரூரிலிருந்தும் நேர்காணலுக்காகச் சென்னைக்கு இரவு ரயில் ஏறும் பிள்ளைகளிடம் வீட்டார் சொல்வது, "பயப்படாமல் பேசு" என்பதுதான். எதை முதலில் பேசுவது என்று யாரும் சொல்லி அனுப்புவதில்லை. முடிவை அதிகம் பாதிப்பது அதுதான்.

உளவியலாளர் சாலமன் ஆஷ் 1946-இல் ஓர் எளிய சோதனையை வெளியிட்டார். ஒருவரைப் பற்றி ஆறு சொற்கள்: புத்திசாலி, உழைப்பாளி, அவசரக்காரர், குறைகாண்பவர், பிடிவாதக்காரர், பொறாமைக்காரர். ஒரு குழுவுக்கு இதே வரிசையிலும், இன்னொரு குழுவுக்குத் தலைகீழாகவும் வாசிக்கப்பட்டது. புத்திசாலி என்று தொடங்கிக் கேட்டவர்களுக்கு அந்த மனிதர் மேலானவராகத் தெரிந்தார். முதலில் கேட்டது பின்னால் வருவதன் பொருளையே திருத்திவிடுகிறது: புத்திசாலியின் பிடிவாதம் உறுதியாகத் தோன்றும், பொறாமைக்காரரின் பிடிவாதம் வீம்பாகத் தோன்றும்.

"உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றதும் ஊர், தந்தையின் தொழில், மதிப்பெண் என்று நம் பிள்ளைகள் அடுக்குகிறார்கள். இவையெல்லாம் விண்ணப்பத்திலேயே இருக்கின்றன. முதலில் நிற்க வேண்டியது தானே செய்த ஒரு வேலை. வயல் வேலையைச் சொல்லக் கூச்சப்படுவதுதான் எனக்குப் பெரிய வருத்தம். "கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் நெல்லைத் திருப்பிவிடுவார்கள். அறுவடை நாளில் மழை வந்தபோது எந்தக் குவியலை முதலில் காயவைப்பது என்று நான்தான் முடிவுசெய்தேன்" என்று ஒரு பெண் சொன்னால், அளவீடு, நெருக்கடி, முடிவெடுத்தல் மூன்றும் இரண்டே வாக்கியங்களில் தெரிந்துவிடும். அதன்பின் ஒரு கேள்விக்குத் தடுமாறினாலும், யோசித்துப் பேசுகிறாள் என்றே கேட்பவருக்குப் படும்.

இனி பயம். அட்ரினலின் சுரந்து இதயம் வேகமெடுப்பதை அதட்டி நிறுத்த முடியாது. ஆனால், மூச்சை உள்ளிழுப்பதைவிட மெதுவாக வெளியே விட்டால், மூளையிலிருந்து இதயத்துக்குச் செல்லும் வேகஸ் நரம்பின் வழியாக இதயத் துடிப்பு தணியும். "அமைதியாக இருக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டவர்களைவிட "உற்சாகமாக இருக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டவர்கள் நன்றாகப் பேசினார்கள் என்று ஆலிசன் வுட் புரூக்ஸ் 2014-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. படபடப்பும் உற்சாகமும் உடலில் ஏறக்குறைய ஒரே நிலை என்பதால், ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறுவது எளிது.

அந்த முதல் பதிலை வாய்விட்டுச் சொல்லிப் பழக வேண்டும். தாளைப் பார்த்துத் திரும்பத் திரும்ப வாசிப்பதைவிட, தாளை மூடிவிட்டு நினைவிலிருந்து எடுத்துச் சொல்வதே மூளையில் ஆழமாகப் பதிகிறது. கேட்க வீட்டில் யாராவது ஒருவர் எதிரே உட்கார்ந்தால் போதும்.