5ஜி மறையாக்கம் எதுவரை காக்கிறது?

5ஜி இணைப்பில் நம் பேச்சும் தரவும் பொதுவாக மறையாக்கம் (பிறர் படிக்க முடியாத வடிவுக்கு மாற்றுதல்) செய்யப்பட்டே காற்றில் செல்கின்றன. ஆனால் அந்த மறையாக்கம் கைபேசிக்கும் அடிநிலையத்துக்கும் (கைபேசிக் கோபுரத்துக்கும்) இடைப்பட்ட வானொலிப் பாதைக்கு மட்டுமே உரியது. அடிநிலையத்தில் அது நீக்கப்பட்டு, தரவு மூல வடிவுக்குத் திரும்பிவிடும். அதற்கப்பால் கைபேசிச் சேவை நிறுவனத்தின் உள்வலையமைப்பிலும், வேற்று நிறுவனங்களின் வலையமைப்புகளிலும் வேறு வேறு பாதுகாப்புகளை நம்பியே தரவு பயணம் செய்கிறது.

இதனால் 5ஜி பாதுகாப்பு பயனற்றது என்று கருதுவது பெரும் தவறு. அதன் மிகச் சிறந்த பகுதி, பயனரின் அடையாளத்தை மறைக்கும் முறையாகும். ஒவ்வொரு சிம் அட்டைக்கும் அதிகபட்சம் 15 இலக்கங்கள் கொண்ட நிரந்தர எண் உண்டு. 4ஜி வரை, 'நீ யார்?' என்று கோபுரம் கேட்டால் கைபேசி அந்த எண்ணை மறைக்காமலேயே சொல்லிவிடும். இந்தப் பலவீனத்தைக் கொண்டுதான், உண்மைக் கோபுரம்போல் நடிக்கும் போலிக் கோபுரங்கள் ஓரிடத்தில் கூடியிருப்போரை அடையாளம் கண்டன. 2018இல் வெளியான 5ஜி தரநிலை இதை மாற்றியது. நிறுவனத்தின் பொதுத் திறவி (மறைப்பதற்கு மட்டும் உதவும், எவரும் அறியக்கூடிய எண்) சிம் அட்டையிலேயே பதிந்திருக்கும். கைபேசி ஒவ்வொரு முறையும் புதிய தற்காலிகத் திறவி ஒன்றை உருவாக்கி, நீள்வட்ட வளைவுக் கணிதம் என்னும் மறையாக்க முறையின் வழியே ஓர் இரகசியத்தைப் பெற்று, அதைக் கொண்டு எண்ணை மறைத்து அனுப்பும். நிறுவனம் தன்னிடம் மட்டுமே வைத்திருக்கும் தனித் திறவியால்தான் அந்த எண்ணை மீட்க முடியும். அந்த எண்ணில் நாட்டின் குறியீடும் நிறுவனத்தின் குறியீடும் மட்டும் வெளிப்படையாக இருக்கும். அவை தெரியாவிட்டால் அயல்நாட்டு வலையமைப்பு நம் நிறுவனத்தைத் தேடிச் செல்ல இயலாது. எனினும் மறைக்காமல் அனுப்பும் வழியையும் தரநிலை அனுமதிக்கிறது; கைபேசி 4ஜிக்கு இறங்கினாலும் இந்தக் காப்பு இல்லை. இத்தகைய காப்பை நிறுவனத்தின் விருப்பத்துக்கு விட்டது சரியன்று என்பதே என் கருத்து.

4ஜியில் இன்னொரு குறையும் இருந்தது. பயனர் தரவு மறையாக்கம் செய்யப்பட்டாலும், வழியில் அது மாற்றப்பட்டதா என்று சோதிக்கும் ஏற்பாடு இல்லை. மூலத் தரவின் ஒரு பகுதியை ஊகிக்க முடிந்தால், திறவியை அறியாமலேயே அந்தப் பகுதியின் பிட்டுகளை (0, 1 இலக்கங்களை) மாற்றிவிடலாம். இவ்வழியில் பயனரைப் போலி இணையதளத்துக்குத் திருப்ப முடியும் என்று ஜெர்மனியின் ரூர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உள்ளிட்ட குழுவினர் 2018இல் காட்டினர். 5ஜியில் இச்சோதனை உண்டு. அதை இயக்குவதும் நிறுவனத்தின் கையில்தான்.

ஆகவே செய்தியின் உள்ளடக்கத்தை முழுமையாகக் காப்பது சிக்னல், வாட்ஸ்அப் போன்ற செயலிகளின் முனைக்கு முனை மறையாக்கமே. இரு கைபேசிகளும் தமக்குள் திறவிகளை உருவாக்கிக்கொள்வதால், இடையிலுள்ள கோபுரமோ சேவையகமோ செய்தியைப் படிக்க முடியாது. ஆனால் நாம் எந்தக் கோபுரத்தின் கீழ் இருக்கிறோம் என்பதைப் போலிக் கோபுரத்திடமிருந்து எந்தச் செயலியாலும் மறைக்க இயலாது. அதை வலையமைப்பால்தான் செய்ய முடியும்.

அடுத்த சவால், சில கணக்குகளை இன்றைய கணினிகளைவிட மிக வேகமாகத் தீர்க்கக்கூடிய குவாண்டம் கணினி. போதுமான ஆற்றலுடன் அது உருவானால், அடையாளத்தை மறைக்கும் நீள்வட்ட வளைவுக் கணிதம் உடைந்துவிடும். சிக்னல் 2023இலேயே குவாண்டம் தாக்குதலைத் தாங்கும் முறையைச் சேர்த்துக்கொண்டது. அமெரிக்கத் தரநிலை நிறுவனம் 2024 ஆகஸ்டில் வெளியிட்ட அத்தகைய புதிய திறவிப் பரிமாற்ற முறையை, அடுத்த தலைமுறையான 6ஜியில் பயன்படுத்தலாம். ஆனால் இன்று 32 பைட்டில் முடியும் தற்காலிகத் திறவியின் இடத்தில், அதன் நடுத்தர வலிமை வடிவத்துக்கு 1,088 பைட்டுகள் தேவைப்படும். வலையமைப்பில் முதன்முதலாகப் பதிவுசெய்யும் அந்தச் சிறு செய்திக்குள் அவ்வளவையும் அடக்குவது எப்படி என்பதே வடிவமைப்பாளர்கள் முன்னுள்ள கேள்வி.